கோட்டையும் காடும் வாய்க்காலும்: மரபிடங்களை யார் மதிப்பில் காப்பது?

ஆத்தூரிலிருந்து செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்கு வருபவரின் கண்ணில் ஊருக்கு முன்னே மலைக்கோட்டை படும். திண்டு போட்டதுபோல் கிடக்கும் அந்த ஒற்றைப் பாறையால்தான் ஊருக்கே இந்தப் பெயர் வந்தது என்பார்கள். பாறையில் வெட்டிய படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் அங்கே ஒரு கற்கோயில் நிற்கிறது. தூண்களும் மண்டபமும் இருக்கின்றன. கருவறையில் மட்டும் சாமி இல்லை. கோட்டை படைத்தளமாக இருந்த காலத்தில் அம்மனையும் ஈசுவரனையும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. கீழே ஊருக்குள் அபிராமி அம்மன் கோயிலில் விளக்கு அணைவதில்லை. மேலே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம், சீட்டு வாங்கிக்கொண்டு பார்த்துவிட்டு வரும் இடம்.

அம்மனை மறுபடி மலைமேல் வைக்க வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. கோட்டை கோட்டையாகவே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் தாங்கள் மரபைக் காப்பதாகவே சொல்கிறார்கள். அப்படியானால் மரபு என்று எதைச் சொல்கிறோம்? கல்லையா, கல்லில் எழுதப்பட்ட வரலாற்றையா, கல்லை நம்பி வந்த மனிதர்களின் உறவையா? ஓர் இடத்தை எப்படிப் பராமரிப்பது என்று முடிவெடுக்கும் முன் அந்த இடம் யாருக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் நினைவுச்சின்னச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால் அதைக் கேட்கும் வேறொரு சட்டம் இதே திண்டுக்கல் மாவட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

வயதா, மதிப்பா?

1958ஆம் ஆண்டின் பழஞ்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டம் ஓர் இடத்தைப் பாதுகாக்கத் தகுதியாகப் பார்ப்பது இரண்டை: நூறாண்டுக்குக் குறையாத வயது, வரலாறு, தொல்லியல் அல்லது கலை சார்ந்த முக்கியத்துவம். வயதை எண்ணிவிடலாம். முக்கியத்துவத்தை நிபுணர் சொல்வார். அருகில் வாழும் மக்கள் அந்த இடத்தோடு என்ன உறவு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்ய அந்தச் சட்டத்தில் இடமில்லை. அறிவிப்பு வெளியாகி இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம். ஆட்சேபம் கேட்பது வேறு, கருத்துக் கேட்பது வேறு.

மதிப்புகள் பலவகை என்ற எண்ணம் புதிதல்ல. ஆஸ்திரிய அறிஞர் அலோய்ஸ் ரீகல் 1903ஆம் ஆண்டிலேயே நினைவுச்சின்னங்களின் மதிப்புகளைப் பிரித்துக் காட்டினார். பழமைக்காக ஒன்றைப் போற்றுகிறவர் அதன் சிதைவையும் ரசிப்பார். பயன்பாட்டுக்காகப் போற்றுகிறவர் அதைப் பழுதுபார்க்கச் சொல்வார். இந்த இரண்டும் ஒரே கட்டடத்தில் மோதும் என்பதை அவர் அப்போதே எடுத்துச் சொன்னார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கட்டடத்தின் மூலப்பொருளையும் உண்மைத்தன்மையையும் மையமாக வைத்தது. அதன்பின் வந்தது பர்ரா சாசனம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பழைய சுரங்க ஊரான பர்ராவில் 1979ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டு, 2013ஆம் ஆண்டில் இன்றைய வடிவம் பெற்றது. ஓர் இடத்தின் மதிப்பை அது ஐந்தாகப் பார்க்கிறது: அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம். வேலையின் வரிசையையும் அது வகுத்திருக்கிறது. முதலில் மதிப்பைப் புரிந்துகொள், பிறகு கொள்கை வகு, அதன்பின் பராமரி. நாம் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். வேலி போடுகிறோம், சிமெண்டு பூசுகிறோம், பெயர்ப்பலகை நடுகிறோம்.

இந்த ஐந்தையும் விளக்க ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தாயார் சன்னிதி முன்னுள்ள மண்டபத்துச் சிற்பத் தூண்கள் அழகின் மதிப்பு. மலைக்கோட்டை வரலாற்றின் மதிப்பு. பழநிக்கு அருகில் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வில், ஈமக்குழியிலிருந்து கிடைத்த நெல் பொ.ஆ.மு. 490 அளவில் காலக்கணிப்பு செய்யப்பட்டது. அங்கே கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துகளின் காலத்தைப் பற்றிய விவாதத்தையே அந்த நெல்மணிகள் மாற்றின. அது அறிவியலின் மதிப்பு. சின்னாளபட்டியின் சுங்குடித் தெருக்களும், 1947ஆம் ஆண்டில் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமமும் சமூகத்தின் மதிப்பு. நத்தம் பக்கத்துக் காசம்பட்டிக் கோயில்காடு ஆன்மிகத்தின் மதிப்பு. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே ஐந்தும் இருக்கின்றன. ஆனால் ஓர் இடத்துக்கு ஒரு மதிப்போடு கதை முடிவதில்லை. ஒரே இடத்தில் நான்கு மதிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்போதுதான் பராமரிப்பு சிக்கலாகிறது.

மலைக்கோட்டையின் அடுக்குகள்

மதுரை நாயக்கர் மரபில் வந்த முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டில் கோட்டையைத் தொடங்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. பின்வந்த நாயக்கர்கள் அதைப் பலப்படுத்தினார்கள். 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். மைசூரை ஆண்ட ஹைதரின் எழுச்சி திண்டுக்கல்லில் தொடங்கியது. கணவரைப் போரில் இழந்த சிவகங்கை வேலு நாச்சியார் ஹைதரின் ஆதரவில் தங்கியிருந்தது விருப்பாட்சி, திண்டுக்கல் பகுதிகளில்தான். 1767, 1783, 1790 என்று கோட்டை ஆங்கிலேயர் கைக்கும் மைசூர் கைக்கும் மாறி மாறிப் போய், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமானது. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கம்பெனிக்கு எதிராகப் பெரிய கூட்டணியைக் கட்டி, 1801ஆம் ஆண்டில் தூக்கில் ஏற்றப்பட்டதும் இந்த மண்ணின் வரலாறு.

மலையைச் சுற்றி இறங்கிப் பார்த்தால் இந்த வரலாறு இன்னும் உயிரோடு இருக்கிறது. அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். கோட்டைப் படைவீரர்கள் வைத்து வணங்கிய தெய்வம் என்பது மக்கள் வழக்கு. மாசித் திருவிழாவின் பூச்சொரிதலுக்கு ஊர் முழுவதும் திரண்டு வரும். பேகம்பூரில் ஹைதர் குடும்பத்துப் பெண்ணின் கல்லறையோடு பெரிய பள்ளிவாசல். ஊருக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புனித வளனார் பேராலயம். அம்மனும் பேகமும் வளனாரும் ஒரே பாறையின் நிழலில் இருக்கிறார்கள். மலையைச் சுற்றிப் பௌர்ணமி கிரிவலமும் நடக்கிறது. கோட்டை மேலே வெறும் காட்சிப்பொருளாகிவிட்டது, அதன் சமூக வாழ்வு முழுவதும் கீழே இறங்கிவிட்டது.

சட்டத்தின் நிலை என்ன? பாதுகாக்கப்பட்ட சின்னம் வழிபாட்டிடமாக இருந்தால் அதன் இயல்புக்குப் பொருந்தாத பயன்பாட்டுக்கு விடக்கூடாது என்கிறது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஆனால் பாதுகாப்புக்குள் வந்தபோது வழிபாடு நடக்காமலிருந்த இடத்தில் அதைப் புதிதாகத் தொடங்க அனுமதிப்பதில்லை என்பது தொல்லியல் துறையின் கொள்கை. இதற்கு நியாயமுண்டு. பல கைகள் மாறிய ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு தரப்பும் தன் காலத்தை மீட்கக் கிளம்பினால் கல் மிஞ்சாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் ஆக்கியது. ஆக, சட்டம் தூரத்தை மீட்டரில் அளக்கிறது. மாசித் திருவிழாவுக்கும் மலைக்கும் உள்ள நெருக்கத்தை அளக்க அதனிடம் கோலில்லை.

இதே கேள்விக்கு வேலூரில் ஒருமுறை விடை கிடைத்தது. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயில் நூற்றாண்டுக் கணக்கில் மூர்த்தி இல்லாமல் கிடந்தது, ஆயுதக்கிடங்காகவும் இருந்தது. 1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஊரார் கருவறையில் நிறுவினார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் கோட்டைக்குள் அன்று தொடங்கிய வழிபாடு இன்றுவரை நிற்கவில்லை. வழிபாட்டு மதிப்பு மீண்டது என்று மகிழலாம். ஆனால் அதே கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசலும் உண்டு. அங்கே தொழுகைக்கு அனுமதி கேட்கும் குரல் நெடுங்காலமாக நிறைவேறாமல் நிற்கிறது. எழுதிய நெறி இல்லாத இடத்தில் திரண்டு வந்தவர்களின் மதிப்பு நிலைபெறுகிறது, மற்றவர்களின் மதிப்பு மனுவாகவே தங்கிவிடுகிறது. திண்டுக்கல் வேலூரிடமிருந்து கற்க வேண்டிய பாடம் இது. மலைமேல் சாமி வைப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. கோட்டையோடு உறவுள்ள ஒவ்வொரு தரப்பும் தன் உறவைச் சொல்லவும், அது எழுத்தில் ஏறவும் ஓர் இடம் வேண்டும் என்பதே முதல் கேள்வி.

வேலியில்லாமல் நின்ற காடு

காசம்பட்டி வீரகோயில் கோயில்காடு அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி, ரெட்டியபட்டி ஊராட்சியில் இருக்கிறது. பரப்பு 4.97 ஹெக்டேர்தான். தமிழ்நாடு அரசு இதை 2025ஆம் ஆண்டில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இந்தத் தகுதி பெற்ற இரண்டாவது இடம் இது. இத்தனை காலம் இந்தக் காட்டைக் காத்தது வனத்துறையின் வேலி அல்ல. சாமி காட்டில் கை வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுதான் காத்தது. இங்கே ஆன்மிக மதிப்பைக் கழித்துவிட்டால் அறிவியல் மதிப்பும் மிஞ்சாது. தெய்வத்தின் மேலுள்ள அச்சமும் அன்பும் இல்லையென்றால் மரங்கள் எப்போதோ விறகாகியிருக்கும்.

இந்த அறிவிப்புக்கு வழிசெய்த சட்டம் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். மரபுத் தலத்தை அறிவிக்கும்போது உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அதன் 37ஆம் பிரிவு. ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பதும் அந்தச் சட்ட ஏற்பாட்டில் உண்டு. எந்த மரம், எந்த மூலிகை, எந்தப் பறவை, அதை ஊர் எப்படிப் பயன்படுத்துகிறது, அதைப் பற்றி யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் ஊர்க்காரர்களின் வாய்மொழியிலிருந்து எழுத்தாகிறது.

இதன் பலத்தை அரிட்டாபட்டியில் பார்த்தோம். குடைவரைக் கோயில், சமணர் படுகை, தமிழ்-பிராமிக் கல்வெட்டு, மலைச்சுனைகள், அரிய பறவைகள் எல்லாம் சேர்ந்த அந்த இடம் 2022 நவம்பரில் மரபுத் தலமானது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானபோது சுற்றுவட்டார ஊர்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டன; நடந்தே மதுரைக்குப் போயின. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தங்கள் மலை தங்களுக்கு என்னவென்று அந்த மக்களுக்குத் தெரியும், அது அரசின் அறிவிப்பிலும் எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்து போராட்டத்துக்குத் தூணாக நின்றது.

ஆத்தூரின் தண்ணீர்

இனி ஆத்தூருக்கே வருவோம். கீழ்ப்பழநி மலையில் பிறக்கும் குடகனாற்றின் தண்ணீரை அடிவாரத்தில் தேக்குவது காமராஜர் நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 23.5 அடி. திண்டுக்கல் நகரம் பல பத்தாண்டுகள் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். அணைக்குக் கீழே, ஆத்தூர் அருகே ஆறு பிரிகிறது. ஒரு பங்கு ராஜவாய்க்காலில் போய்க் குளங்களை நிரப்புகிறது. மறு பங்கு ஆறாகவே வடக்கே போய், தாடிக்கொம்பு, வேடசந்தூர் தாண்டி, அமராவதியில் சேர வேண்டும். இந்தப் பங்கீட்டில்தான் பிணக்கு. நரசிங்கபுரம் பகுதியில் தண்ணீரைத் திருப்பும் தடுப்பைப் பற்றி ராஜவாய்க்கால் ஆயக்கட்டாரும் ஆற்றின் கடைமடை ஊர்களும் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள்.

அணைக்கட்டும் வாய்க்காலும் எந்தத் தொல்லியல் பட்டியலிலும் முன்வரிசையில் வராது. ஆனால் சமூக மதிப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தச் சமவெளியில் இல்லை. யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்ற முறை, மடை திறக்கும் உரிமை, மராமத்துக்கு ஆள் அனுப்பும் கடமை எல்லாம் தலைமுறை தலைமுறையாக மனிதர் மனத்தில் இருக்கும் ஆவணங்கள். அவற்றைச் சுமப்பவர்கள் மறையும்போது முறையும் மறைகிறது, வழக்கு மட்டும் மிஞ்சுகிறது.

இந்தத் தண்ணீர் வயலோடு நிற்பதில்லை. சித்திரைப் பௌர்ணமிக்குத் தாடிக்கொம்புப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் இறங்குவது இதே குடகனாற்றில்தான். ஆத்தூரில் பிரியும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது கீழே ஒரு திருவிழா நீரில் நடக்கிறதா மணலில் நடக்கிறதா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. கோயில் அறநிலையத் துறையிடம், ஆறு நீர்வளத் துறையிடம், குடிநீர் மாநகராட்சியிடம். மூன்று துறைகளின் கோப்புகளும் சந்திக்கும் இடமில்லை. மதிப்பின் வழியாகப் பார்க்கிறவருக்கு மட்டுமே அணையும் வாய்க்காலும் ஆறும் சிற்ப மண்டபமும் ஒரே மரபிடமாகத் தெரியும்.

மக்கள் மரபுப் பதிவேடு

பல்லுயிருக்குப் பதிவேடு இருக்கும்போது பண்பாட்டுக்கு ஏன் இருக்கக்கூடாது? ஊராட்சிதோறும், நகரத்தில் வார்டுதோறும் மக்கள் மரபுப் பதிவேடு ஒன்று வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு கேள்விகள் போதும். இந்த இடம் யாருக்கு முக்கியம்? எதனால் முக்கியம்? அவர்கள் ஆண்டில் எப்போது, எப்படி இதைப் பயன்படுத்துகிறார்கள்? எது மாறினால் அவர்களுக்கு இது இல்லாமல் போய்விடும்? கல்வெட்டுப் படிப்பவரும் கட்டடப் பொறியாளரும் தங்கள் பகுதியை அதே ஏட்டில் எழுதட்டும். நிபுணரின் சொல்லை இது குறைக்காது. நிபுணர் காணாததைச் சேர்க்கும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஊர் என்பது ஒரே குரலல்ல. கோயிலுக்குள் நுழையவும் குளத்தில் தண்ணீர் எடுக்கவும் சிலரை நெடுங்காலம் விடாமல் தடுத்ததும் மரபு என்ற பெயரில்தான். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் சொன்னதை எழுதிக்கொண்டு அதைச் சமூக மதிப்பு என்றால் பழைய அநீதிக்குப் புது முத்திரை குத்தியதாகிவிடும். ஆகவே பதிவேட்டுக்கு மூன்று விதிகள் வேண்டும். காலனித் தெருவும் பெண்களும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டும். யாருடைய நுழைவையும் மறுக்கும் வழக்கம் எதுவும் பாதுகாக்க வேண்டிய மதிப்பாக ஏறக்கூடாது. திருப்பி எடுக்க முடியாத மாற்றம் எதையும், அதாவது இடிப்பதையோ மணல்வீச்சால் கல்லைச் சுரண்டுவதையோ பழைய தூணுக்குப் பதில் புதுத் தூண் வைப்பதையோ, பெரும்பான்மையின் பெயராலும் செய்யக்கூடாது. மக்கள் மதிப்பு பயன்பாட்டைத் தீர்மானிக்கலாம். கல்லை அழிக்கும் உரிமை இந்தத் தலைமுறைக்கு இல்லை.

இந்த விதிகளோடு மலைக்கோட்டையைப் பார்த்தால் பிணக்கு கொஞ்சம் இளகுகிறது. கருவறையில் சிலை என்ற ஒற்றைக் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் வரும். ஆனால் பதிவேடு எழுத உட்கார்ந்தால் இடையில் பல படிகள் தெரியும். கிரிவலப் பாதையைச் செப்பனிட்டு விளக்குப் போடலாம். மாரியம்மன், பேகம்பூர், பேராலயம், அபிராமி அம்மன், கோட்டை ஆகியவற்றை ஒரே நடைவழியாக இணைக்கலாம். அம்மன் கீழே வந்த கதையையும், ஹைதரின் ஆயுதச்சாலையையும், கோபால நாயக்கரின் முடிவையும் மேலே உள்ள பலகையில் தமிழில் எழுதலாம். இவை எதுவும் கல்லைத் தொடாது, யாரையும் வெளியே தள்ளாது. சிலை பற்றிய முடிவை அதன்பின் சட்டப்படி எடுப்போம். அப்போதாவது எல்லோரும் பேசிய பிறகு எடுத்த முடிவாக அது இருக்கும்.

தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டும் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. கிராமங்களோடு சேர்ந்து படிப்பதையே கல்வியாகக் கொண்ட காந்திகிராமம் ஆத்தூரின் பக்கத்திலேயே இருக்கிறது; அதன் மாணவர்கள் எழுத உதவலாம். ராஜவாய்க்கால் ஊர்களும் குடகனாற்றுக் கடைமடை ஊர்களும் தத்தம் கிராமசபையில் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், தங்கள் தண்ணீரைப் பற்றி எழுதி நிறைவேற்றட்டும். இரண்டு ஏடுகளையும் ஒரு மேசையில் வைத்துப் படிக்கும் நாளில் ஆத்தூரின் மரபுப் பாதுகாப்பு தொடங்கிவிடும். அடுத்த கிராமசபைக்குப் போகிறவர்கள் அந்த ஒரு பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.